சுவரிலும் மதிலிலும் கண்ணாடி: யாழ்ப்பாணத்து வீடு வளவுக்கான முழுமையான வழிகாட்டி

அட்டமங்கலப் பொருட்களுள் கண்ணாடியும் ஒன்று. சிவாலயங்களில் தீபாராதனைக்குப் பின் குடை, சாமரம், விசிறி ஆகியவற்றோடு கண்ணாடியும் சுவாமிக்குக் காட்டப்படுகிறது. இவ்வளவு சிறப்பிருந்தும், நம் வீடுகளில் அது நெடுங்காலமாக அலுமாரிக் கதவையும் முகம் கழுவும் பேசினையும் தாண்டி வந்ததில்லை. அண்மைக்காலத்தில் கட்டப்படும் வீடுகளில், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் உறவினரின் விருப்பத்திற்கேற்பக் கட்டப்படுபவற்றில், ஹோல் சுவரிலும் மாடிப்படியிலும் ஏன், வெளிமதிலிலும்கூடப் பெரிய கண்ணாடிகள் இடம்பிடித்து வருகின்றன. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே விளிம்பு கறுத்து, புள்ளி விழுந்து, பார்க்கச் சகிக்காத நிலைக்கு வந்துவிடுகின்றன.

இதற்குக் கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டு அலங்காரம் பற்றி நமக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை வெயிலுக்கு ஏங்கும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. யன்னலுக்கு நேரெதிரே பெரிய கண்ணாடி, தோட்டத்தில் வெயில் விழும் இடத்தில் கண்ணாடி என்று அவை சொல்வது அந்த மண்ணுக்குப் பொருந்தும். நமக்கு வெயில் போதும் போதும் என்றிருக்கிறது. நம்மிடம் குறைவாக இருப்பவை நிழலும் பசுமையுமே. எனவே யாழ்ப்பாணத்தில் கண்ணாடி மாட்டுபவர் வெயிலை அழைக்காமல், வெளிச்சத்தையும் மரஞ்செடிகளையும் மாத்திரம் உள்ளே அழைக்கும் விதத்தில் அதை வைக்க வேண்டும். அத்துடன் உப்புக் காற்றிலிருந்து அதைக் காக்கவும் வேண்டும். இவ்வழிகாட்டியிலுள்ள படிகள் இந்த இரண்டு நோக்கங்களையும் ஒட்டியே அமைந்தவை.

முதற்படி: கண்ணாடிக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கண்ணாடிக்குத் தனக்கென்று ஓர் அழகு இல்லை. எதிரே இருப்பதை அது இரட்டித்துக் காட்டும், அவ்வளவுதான். எதிரே செவ்வரத்தை பூத்து நின்றால் இரண்டு செவ்வரத்தை கிடைக்கும். உலராத உடுப்புகள் தொங்கும் கொடி நின்றால் இரண்டு கொடிகள் கிடைக்கும். கடைக்குப் போகும் முன்னர் வீட்டிலுள்ள சிறிய முகக்கண்ணாடி ஒன்றை எடுத்து, பொருத்த நினைக்கும் சுவரில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் அந்த அறையில் வழக்கமாக உட்காரும் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். நின்று பார்க்கும்போது தெரிவதும் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிவதும் வேறு வேறானவை. ஹோலில் விருந்தினர் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம் என்பதால் உட்கார்ந்த நிலையில் தெரியும் காட்சியையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

இங்கே பயன்படுவது பள்ளிக்கூடத்தில் படித்த ஒளித்தெறிப்பு விதிதான்: படுகோணமும் தெறிகோணமும் சமம். நீங்கள் இடப்புறம் நின்று பார்த்தால் கண்ணாடி அதே அளவு வலப்புறத்தில் இருப்பதைக் காட்டும். ஆகவே சமையலறை வாசலோ கழிவறைக் கதவோ கண்ணாடியில் விழுந்தால், கண்ணாடியை ஓர் அடி, இரண்டு அடி பக்கவாட்டில் நகர்த்துவதே பல நேரங்களில் போதுமானது. பொருத்த நினைக்கும் அளவில் பத்திரிகைத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, சில நாட்கள் அப்படியே விட்டுவிட்டு, வீட்டார் எல்லாரும் பார்த்த பின்னர் முடிவெடுப்பது நல்லது. தாளை நகர்த்துவது இலகு. துளையிட்ட சுவரை மறைப்பது அவ்வளவு இலகு அன்று.

வெளிச்சத்திற்காக மாத்திரம் கண்ணாடி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளி பூசிய நல்ல கண்ணாடி தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். ஆனால் புதிதாக வெள்ளையடித்த சுவரும் பத்தில் எட்டுப் பங்கு வரை திருப்பி அனுப்பும். சுவர் அதைச் சிதறவிடுகிறது. கண்ணாடி ஒரே திசையில் அனுப்புகிறது என்பதே வேறுபாடு. அறை இருட்டாக இருக்கிறது என்பது மட்டுமே உங்கள் குறையாயின், முதலில் வெள்ளையடியுங்கள், செலவும் குறையும். ஒளியைக் குறிப்பிட்ட மூலைக்கு அனுப்ப வேண்டும் என்றாலோ, வெளியேயுள்ள காட்சியை உள்ளே கொண்டுவர வேண்டும் என்றாலோதான் கண்ணாடி உண்மையில் தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: வெயில் வரும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் அது நமக்கு வடக்கேயும், ஏனைய மாதங்களில் தெற்கேயும் நிற்கும். ஆகையால் வடக்குப் பார்த்த சுவரில் வெயில் படாது என்று நினைத்துக் கண்ணாடி வைப்பவர் மே, ஜூன் மாதங்களில் ஏமாறக்கூடும். எனினும் அப்போது சூரியன் மிக உயரத்தில் நிற்பதால், இரண்டு அடி நீளமான தாழ்வாரம் இருந்தாலே அந்த நண்பகல் வெயிலைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

தவிர்க்க வேண்டியது மேற்கு வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயில் மேற்கு யன்னலால் புகுந்து கண்ணாடியில் பட்டால், எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் எரிந்துகொண்டிருக்கும், தொலைக்காட்சி தெரியாது, அறையும் சூடேறும். கிழக்கு யன்னல் அவ்வளவு தொல்லை தருவதில்லை. காலை வெயில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் விலகிவிடும். எல்லாவற்றிலும் நல்லது, வெயில் நேரே படாத, ஆனால் வானம் தெரியும் திறப்புக்கு எதிரே வைப்பது. விறாந்தையைப் பார்த்த யன்னல்களும் நாற்சார் வீட்டு நடுமுற்றமும் இத்தகையவையே.

மூன்றாம் படி: கண்ணாடியைத் தெரிந்து வாங்குதல்

இன்றைய கண்ணாடி என்பது கண்ணாடித் தகட்டின் பின்புறத்தில் மெல்லிய வெள்ளிப் படலமும், அதைக் காக்கும் பூச்சுகளும் கொண்டது. வெள்ளியைக் கரைசலிலிருந்து கண்ணாடியில் படியவைக்கும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டறிந்தார். அதற்கு முன்னர் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த கலவையே பூசப்பட்டது. உங்கள் வீட்டில் பூட்டன், பூட்டி காலத்து நிலைக்கண்ணாடி இருந்து, அதன் பின்புறம் சாம்பல் நிறமாகப் பளபளத்தால், அதைச் சுரண்டவோ சூடாக்கவோ வேண்டாம், பாதரசம் இருக்கக்கூடும். மூடிய சட்டத்தோடு அப்படியே சுவரில் வைத்துப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் பிம்பத்திற்கும் ஒரு தனி அழகு உண்டு.

கடைகளில் பெரும்பாலும் 3, 4, 5, 6 மில்லிமீற்றர் தடிப்புகளில் கண்ணாடி கிடைக்கும். ஓரடிக்கு ஓரடிக்குக் கூடாத சிறு கண்ணாடிகளுக்கு 3 மி.மீ. போதும். அதற்கு மேல் 4 மி.மீ., மூன்று அடி உயரத்தைத் தாண்டினால் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பெரிய தகடு தன் பாரத்திலேயே வளைந்து முகத்தை நீட்டியும் குறுக்கியும் காட்டும். பாரத்தை இப்படிக் கணக்கிடலாம்: ஒரு சதுர அடி 4 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 0.93 கிலோ, 6 மி.மீ. ஆனால் 1.4 கிலோ. ஆறடிக்கு இரண்டடியான 5 மி.மீ. நிலைக்கண்ணாடி 14 கிலோ வரும். சட்டத்தின் பாரம் வேறு.

கடையில் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடியின் எதிரே பிடித்துத் தாளையும் பிம்பத்தையும் ஒப்பிடுங்கள். பிம்பம் கூடுதலாகப் பச்சையடித்தால் கண்ணாடியில் இரும்புச் சத்து அதிகம். பேனை முனையைக் கண்ணாடியில் தொட்டால் முனைக்கும் பிம்பத்திற்கும் இடையில் தெரியும் இடைவெளி தடிப்பை மதிப்பிட உதவும், 4 மி.மீ. என்று சொல்லி 3 மி.மீ. தந்தால் பக்கத்தில் வேறொரு கண்ணாடியில் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதாக, சரிவாக நின்று கடையின் மின்குமிழ் வரிசையைக் கண்ணாடியில் பார்த்தபடி மெல்ல நடக்க வேண்டும். வரிசை நெளிந்தால் அந்தத் தகட்டை விட்டுவிடுங்கள். வெட்டிய விளிம்பைத் தீட்டித் தரச் சொல்வதும், பின்புறத்தில் சிதறல் தடுக்கும் ஒட்டுத்தாள் போட்டுத் தரச் சொல்வதும் அவசியம். சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இந்த ஒட்டுத்தாளுக்குச் செலவழிக்கத் தயங்கக்கூடாது. உடைந்தாலும் துண்டுகள் உதிராமல் அதிலேயே ஒட்டி நிற்கும்.

அக்ரிலிக் கண்ணாடி பாரத்தில் பாதிக்கும் குறைவு, உடைவதும் அரிது. ஆனால் இலகுவில் கீறல் விழும், வெயில் சூட்டில் நெளியும். பிள்ளைகளின் அறைக்கும் அலங்கார வடிவங்களுக்கும் பொருந்தும். முகம் பார்க்க வேண்டிய இடத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சட்டத்திற்கு வேம்பும் தேக்கும் நன்று. நமது ஊரில் கறையானை மறந்து மரவேலை செய்யக்கூடாது. நிலத்தில் சாய்த்து வைக்கும் கண்ணாடியானால் சட்டத்தின் அடியில் இறப்பர்க் குமிழ் வைத்து மரம் நிலத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடித்த பழைய வீடுகளின் யன்னல் நிலைகள் சில நேரம் விலைக்குக் கிடைக்கும். முதிரையில் கடைந்த அந்த நிலைகளைவிட அழகான சட்டம் எந்தக் கடையிலும் கிடையாது. சாயமிட்ட பனையோலையை வட்டமாகப் பின்னிச் செய்யும் சட்டம் சிறு கண்ணாடிகளுக்கு நன்றாகப் பொருந்தும். பனையோலைப் பொருட்கள் பின்னுபவர்களிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். ஆனால் ஈரம் படும் இடத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும்.

பெரிய கண்ணாடியைப் பட்டா வாகனத்தில் ஏற்றினாலும் லான்ட்மாஸ்ரரில் ஏற்றினாலும் நிமிர்த்தி வைத்தே கொண்டுவர வேண்டும். படுக்கவைத்த தகடு ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தாலே நடுவில் பிளக்கும். இடையில் சாக்கும் பழைய போர்வையும் கொடுத்து, கயிறு விளிம்பை அழுத்தாமல் கட்டுங்கள்.

நான்காம் படி: அளவும் உயரமும்

முழு உருவத்தையும் பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் பாதி உயரம் போதும். ஐந்தரை அடி உயரமானவருக்கு இரண்டே முக்கால் அடிக் கண்ணாடியிலேயே தலை முதல் கால் வரை தெரியும். கண்ணாடியின் மேல் விளிம்பு அவரது கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவிலும், கீழ் விளிம்பு கண்ணின் உயரத்தில் பாதியிலும் இருந்தால் சரி. தூரம் போய் நின்றால் கூடுதலாகத் தெரியும் என்பதும் தவறு. நேர்ச்சுவரில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் தூரம் எதையும் மாற்றாது. இந்தக் கணக்கின்படி, மூன்றரை அடிப் பிள்ளையும் ஆறடித் தகப்பனும் ஒரே கண்ணாடியில் தம்மை முழுதாகப் பார்க்க, நிலத்திலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி ஆறடியில் முடியும் நாலரை அடிக் கண்ணாடி போதுமானது. ஆறரை அடித் தகடு வாங்கும் செலவில் ஒரு பகுதி இவ்வாறு மிச்சமாகும்.

அலங்காரக் கண்ணாடிக்கு நடுப்புள்ளி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து அடி. மேசைக்கோ சோபாவுக்கோ மேலே என்றால் இடையில் ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டு, தளபாடத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் வைப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

ஐந்தாம் படி: சுவரைச் சோதித்துப் பொருத்துதல்

நம் வீடுகளில் கண்ணாடி கெட்டுப்போவதற்கு முதற்காரணம் சுவர். சுண்ணக்கல்லால் கட்டிய பழைய சுவர்கள் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். கீழ் மூன்று அடியில் பூச்சு உப்புப் பூத்துப் பொருக்காய் உதிர்வதைப் பல வீடுகளில் காணலாம். அந்த ஈரமும் உப்பும் கண்ணாடியின் பின்புறத்தில் இருந்தால் வெள்ளிப் படலம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கறுக்கத் தொடங்கும். புதிய வீட்டிலும் இதே தொல்லை வேறு வழியில் வரும்: பூச்சு முழுதாக உலரும் முன்னர் வீடுகுடிபுகுதலுக்கு நாள் வைத்துவிட்டோம் என்று அவசரப்பட்டுக் கண்ணாடி ஒட்டினால், சீமெந்தின் காரமும் ஈரமும் பின்பூச்சை அரித்துவிடும். பூச்சு முடிந்து குறைந்தது ஒரு மாதமேனும் விட வேண்டும். மாரி காலமானால் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். ஐயமிருந்தால் ஒரு முழ அளவு பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

எந்தச் சுவராயினும் கண்ணாடியைச் சுவரோடு அப்பிவிடக்கூடாது. பின்னால் ஐந்து மி.மீ. இடைவெளியேனும் இருந்து காற்றோட வேண்டும். சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு இறப்பர்த் துண்டுகளை ஒட்டினாலே அந்த இடைவெளி கிடைத்துவிடும்.

துளையிடும் முன்னர் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளீடற்ற சீமெந்துக் கல்லில் சத்தம் வெறுமையாகக் கேட்கும். அத்தகைய இடத்தில் சாதாரண றோல் பிளக் பிடிக்காது. உள்ளே சென்று விரியும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய சுண்ணக்கல் சுவரில் பூச்சு உதிர்ந்து துளை பெரிதாகிவிடுவதுண்டு. அங்கே துளைகருவியின் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டு மெல்லச் சுழற்றி, பூச்சின் தடிப்பு நீங்கலாகக் கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்கும்படி நீளமான பிளக் போட வேண்டும். சுவிட்சுக்கும் மின்குமிழுக்கும் நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம். மின்கம்பி அந்த வழியில்தான் போயிருக்கும்.

சட்டமிட்ட கண்ணாடிக்கு நான் விரும்புவது, சரிவாக வெட்டிய இரண்டு மரக்கட்டைகள் ஒன்றில் ஒன்று கொளுவும் முறை. ஒன்றைச் சுவரிலும் மற்றதைச் சட்டத்தின் பின்னும் திருகாணியால் இறுக்கி, கண்ணாடியைத் தூக்கி மாட்டிவிடலாம். பாரம் நீளம் முழுவதும் பரவும். துப்புரவு செய்யவும் வெள்ளையடிக்கவும் கழற்றுவது இலகு. ஒற்றை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுவது படத்திற்குச் சரி, 14 கிலோக் கண்ணாடிக்குச் சரிவராது. சட்டமில்லாத கண்ணாடிக்குக் கீழே அலுமினியத் தாங்கியும் மேலே இரண்டு பிடிகளும் வேண்டும். பிடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறப்பர்த் துண்டு இல்லாமல் திருகாணியை இறுக்கினால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் வாங்கும்போது கவனம் தேவை. திறந்ததும் வினாகிரி மணக்கும் வகை கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும். நியூட்ரல் என்று குறிப்பிட்ட வகையையே கேளுங்கள். அதை வட்டம் வட்டமாக அப்பாமல் மேலிருந்து கீழாக நிலைக்குத்துக் கோடுகளாக இட்டால், உள்ளே போன ஈரம் வழிந்து வெளியேற வழி இருக்கும்.

வீட்டினுள் எங்கே, எங்கே வேண்டாம்

நீண்டு ஒடுங்கிய நடைபாதையின் பக்கச் சுவரில் கண்ணாடி வைத்தால் பாதை அகன்று தெரியும். கோடிச் சுவரில் வைத்தால் பாதை இன்னும் நீண்டு குகை போலாகிவிடும். நாற்சார் வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நடுமுற்றத்தைப் பார்த்த உட்சுவரில், தாழ்வாரத்தின் நிழலுக்குள் ஒரு கண்ணாடியை வைத்தால், முற்றத்து வானமும் துளசியும் இருண்ட உள்ளறை வரை வந்துவிடும். மழை பெய்யும்போது ஓட்டிலிருந்து விழும் நீர்த்தாரைகள் இரண்டு பக்கமும் விழுவது போலத் தெரியும்.

நேருக்கு நேர் இரண்டு கண்ணாடிகள் சலூனுக்குப் பொருந்தும். சாப்பிட உட்காரும் இடத்தில் உங்கள் முதுகை ஓராயிரம் முறை பார்த்துக்கொண்டு சோறு உண்ண யாரும் விரும்பமாட்டார்கள். படுக்கையை நோக்கிய கண்ணாடியும் வேண்டாம். இதில் வாஸ்து பார்ப்பவர்களும் பார்க்காதவர்களும் ஒன்றுபடுவார்கள், காரணங்கள் வேறாயினும்: இரவில் அரைத்தூக்கத்தில் கண் விழிப்பவருக்கு இருட்டில் அசையும் உருவம் ஒன்று தேவையில்லை.

சுவாமி அறையில் விளக்கின் பின்னே ஒரு சிறு கண்ணாடி வைத்தால் ஒரு சுடர் இரு சுடராகும். விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓரடியாவது இருக்கட்டும். சூடு ஓரிடத்தில் குவிந்தால் கண்ணாடி விரிசல்விடும், புகையும் படியும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்குச் சுடரின் பின்னே ஒளி தெறிக்கும் தகடு ஒன்று இருப்பதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

குளியலறைக் கண்ணாடி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேசினின் விளிம்பிலிருந்து ஓரடி உயர்த்தி, கீழ் விளிம்பை நியூட்ரல் சிலிக்கோனால் மூடிவிடுங்கள்.

முற்றமும் மதிலும்

கிடுகு வேலிகள் மறைந்து மதில்கள் எழுந்த பின்னர், எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல் நிறச் சீமெந்து என்பதே பல வளவுகளின் நிலை. தோட்டக் கண்ணாடி உண்மையில் பயன்படுவது இங்கேதான். மதிலில் பழைய யன்னல் நிலை ஒன்றைப் பொருத்தி, அதனுள் கண்ணாடியை வைத்து, முன்னால் குரோட்டன், மணிவாழை போன்றவற்றைப் பாதி மறைக்கும்படி வளர்த்தால், மதிலுக்கு அப்பாலும் ஒரு சோலை இருப்பதாகவே தோன்றும். கண்ணாடியின் விளிம்பு எந்த இடத்திலும் வெறுமையாகத் தெரியாதிருப்பதே இந்த வித்தையின் உயிர். கீழ் விளிம்பைச் செடியும், பக்கங்களை நிலையும், மேல் விளிம்பை மல்லிகைக் கொடியும் மூட வேண்டும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, நடந்து வருபவர் கண்ணாடியை நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது. தன்னைத் தானே கண்டவுடன் சோலை கலைந்துவிடும். பாதைக்குச் சரிவான கோணத்தில் வைத்து, மேல் விளிம்பை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் முன்னால் சாய்த்தால் ஆளுக்குப் பதில் நிலமும் செடியும் தெரியும். கண்ணாடியை எவ்வளவு பாகை சாய்க்கிறோமோ அதைப்போல் இருமடங்கு காட்சி திரும்பும் என்பதால் சிறு சாய்வே போதும். இரண்டு, மாமரம், வேம்பு, பலா போன்றவற்றின் நிலையான நிழல் வேண்டும். நேர்வெயில் பட்டால் தெறித்த ஒளி எதிரேயுள்ள செடியின் இலையைக் கருக்கும். முற்றத்தில் வெள்ளை மணல் பரப்பியிருந்தால் கண் கூசி அந்தப் பக்கம் பார்க்கவே இயலாது. மூன்று, தெருவிலிருந்தும் பக்கத்து வீட்டு யன்னலிலிருந்தும் அது தெரியக் கூடாது. மாலை வெயில் தெறித்து மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணில் அடித்தால் விபத்தில் முடியும். பக்கத்து வீட்டாரின் வாசலைப் பார்த்திருந்தால் கண்ணூறு, செய்வினை என்று வேறு கதை தொடங்கும்.

குழிந்த கண்ணாடியை எக்காரணம் கொண்டும் வெளியில் வைக்காதீர்கள். சவரம் செய்ய உதவும், முகத்தைப் பெருப்பித்துக் காட்டும் கண்ணாடி இவ்வகையைச் சேர்ந்தது. அது வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். காய்ந்த கிடுகும் பனையோலையும் விறகும் உள்ள வளவில் அந்தப் புள்ளி தீப்பிடிக்கப் போதுமானது. யன்னலோரத்து மேசையில் வைப்பதும் ஆபத்தே. நெளிந்துபோன அக்ரிலிக் தகடும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

வெளியில் வைக்கும் கண்ணாடிக்கு உப்புக் காற்றுத்தான் பெரிய பகை. குடாநாட்டில் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ வெகு தூரத்தில் உள்ள வீடு என்று ஒன்று இல்லை. பருத்தித்துறை, காரைநகர், குருநகர்ப் பக்கங்களில் சொல்லவே வேண்டாம். கண்ணாடியை வெட்டிய விளிம்பு நான்கிலும் சிலிக்கோனை மெல்லிய கோடாகப் பூசி, பின்புறத்தை அலுமினியத் தகட்டால் மூடி, கீழே நீர் வழிய இடைவெளி விட வேண்டும். திருகாணி, பிடி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கில், இயன்றால் 316 என்ற தரத்தில் இருக்கட்டும். 304 தரமும் கடற்கரையில் பழுப்புப் புள்ளி விடும். கடலோரத்தில் இருப்பவர்கள் கண்ணாடியையே விட்டுவிட்டு, மெருகிட்ட துருப்பிடிக்காத உருக்குத் தகட்டை வைப்பது மேல். பிம்பம் சற்று நெளிந்து தெரிந்தாலும் செடிகொடிகளில் அந்த நெளிவு குறையாகத் தெரியாது.

2008இல் நிஷா, 2020இல் புரெவி என்று வடகீழ்ப் பருவக்காலத்தில் புயல்கள் வந்துபோகும் ஊர் இது. வெளிக்கண்ணாடியை நிரந்தரமாகப் பதித்துவிடாமல், முன்னர் சொன்ன கொளுவும் முறையில் மாட்டி, கீழே ஒரு கொண்டியால் பூட்டிவையுங்கள். தாழமுக்கச் செய்தி வந்ததும் கழற்றி உள்ளே வைக்கலாம். தென்னைக்கு நேர் கீழே வைக்க வேண்டாம் என்பதைச் சொல்லாமலே விளங்கும்.

பறவைகள்

புலுனியும் தேன்சிட்டும் கண்ணாடியில் தம் உருவத்தைப் போட்டியாளராக எண்ணிக் கொத்தும். மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடிக்குச் சொப்பிங் பை கட்டிவைக்கும் வீடுகளில் இது தெரிந்த சங்கதி. முட்டையிடும் காலத்தில் ஒரே பறவை நாள் முழுவதும் வந்து கொத்திக் களைத்துப்போகும். வேகமாகப் பறந்துவரும் பறவை வானத்தின் பிம்பத்தை வெளி என்று நம்பி மோதுவதும் உண்டு. கண்ணாடியை முன்னால் சாய்த்து வானம் தெரியாமற் செய்வது முதற்பரிகாரம். அதன் முன்னே இரண்டு அங்குல இடைவெளியில் மரச்சலாகைகளையோ கம்பிகளையோ நிறுத்தினால் யன்னல் போன்ற தோற்றமும் வரும், பறவையும் தப்பும். அப்படியும் கொத்தினால் அந்தக் காலம் முடியும் வரை துணியால் மூடிவிடுங்கள்.

துடைத்தலும் பராமரிப்பும்

நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது. அதனால் வன்மை அதிகம். அந்த நீர் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி துடைக்க மழைநீரைச் சேமித்து வையுங்கள், அல்லது ஆறவைத்த கொதிநீரைப் பயன்படுத்துங்கள். புள்ளி ஏற்கனவே படிந்திருந்தால் வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ பாதிக்குப் பாதி நீர் கலந்து, துணியில் நனைத்து, புள்ளியின்மேல் ஒரு நிமிடம் ஒற்றிப்பிடித்துப் பின் துடைக்கலாம். விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்திற்கு அந்தப் புளி போகக்கூடாது. எதைத் தெளிப்பதாயினும் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் நேரே தெளித்தால் அது வழிந்து கீழ் விளிம்பினுள் புகுந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களையும் தவிர்க்க வேண்டும். பல முறை தோய்த்து நைந்த பருத்தி வேட்டித் துண்டு இதற்கு மிக நன்று. முதலில் ஈரத்துணி, உடனே உலர்துணி.

சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் உப்பும் சேர்ந்து படியும். அதை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறும்; நீர் வார்த்து இறங்கவிட்ட பின்னரே துடைக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும் முன்னர் வெளிக்கண்ணாடிகளைக் கழற்றி, விளிம்புச் சிலிக்கோன் எங்கேனும் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விட்ட இடத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். சட்டத்தின் பின்னால் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கறுத்த விளிம்பை மீட்க வழியில்லை. கறுப்பு ஓர் அங்குலத்துக்குள் நின்றால் அகலமான சட்டத்தைப் போட்டு மறைக்கலாம். அதைத் தாண்டினால் கண்ணாடிக் கடையில் கொடுத்து நல்ல பகுதியை மாத்திரம் சிறிதாக வெட்டி எடுக்கலாம். உடைந்த கண்ணாடியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது பெரியவர்களின் சொல். அதைப் பொருட்படுத்தாதவர்கள் துண்டுகளைத் தடித்த கையுறை அணிந்து சிறிதாக்கி, கூரிய விளிம்புகளைத் தீட்டுக்கல்லில் தேய்த்து மழுக்கி, சீமெந்துப் பூச்சாடியின் வெளிப்புறத்தில் மாபிள் ஒட்டும் பசையால் பதிக்கலாம். எஞ்சிய சில்லுகளைப் பத்திரிகைத் தாளில் பல மடிப்பாகச் சுற்றி, ஒரு பழைய ரின்னில் அடைத்து, வெளியே கண்ணாடி என்று எழுதிக் குப்பை ஏற்றுபவரிடம் சொல்லிக் கொடுங்கள். வளவின் கோடியில் குழிவெட்டிப் புதைத்தால், அடுத்த மாரிக்கு அங்கே வாழை வைக்க மண்வெட்டியோடு வருபவரின் காலில்தான் அது ஏறும்.